ஒரே ஓர் எண்ணை நம்பலாமா?

குட்டீஸ்! காலில் முள் குத்தினால் என்ன ஆகும்? அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கும். இதற்கு, 'அழற்சி' என்று பெயர். காயத்தையும், கிருமிகளையும் சமாளிக்க, உடம்பு நடத்தும் போர் இது!

உடம்புக்குள் நடக்கும் அழற்சியை எப்படி அறிவது? ரத்தத்தில், 'சி.ஆர்.பி.,' என்ற புரதத்தை அளப்பர். 1930ல், அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தனர். அழற்சி துவங்கிய சில மணி நேரத்தில், கல்லீரல் இதை ஏராளமாகத் தயாரிக்கும்.

ஆனால், புகைப் பழக்கம், உடல் பருமன், ஈறு நோய், மாரத்தான் ஓட்டம் கூட இந்த அளவை உயர்த்தும்.

ஒரு புது உணவு அழற்சியைக் குறைக்கிறதா என ஆராய்வதாக வைத்துக் கொள்ளுங்கள். அதைச் சாப்பிடுவோரில் யாரும் புகைப்பதில்லை. சாப்பிடாதோரில் பலர் புகைக்கின்றனர். வித்தியாசத்துக்குக் காரணம் உணவா, புகையா? சொல்ல முடியாதே!

அதனால்தான், 'புகைப்பீர்களா, நேற்று ஓடினீர்களா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா?' என, ஆய்வாளர்கள் முதலிலேயே கேட்கின்றனர்.

இதய நோய் அபாயத்தைக் கணிக்க, இரண்டு வார இடைவெளியில் இருமுறை அளந்து, சராசரி பார்க்கும்படி, 2003ல் அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைத்தது. லிட்டருக்கு 10 மில்லி கிராமைத் தாண்டினால், தொற்று உண்டா என்று பார்த்து, பிறகு மீண்டும் அளக்க வேண்டும்.

காய்ச்சலோடு தேர்வு எழுதிய நண்பன் மார்க் குறைவாக வாங்கினால், 'மக்கு' என்பீர்களா? எண்ணைப் பார்த்ததும், 'ஏன்?' என்று கேளுங்கள். அதுதான் அறிவியல்!