கம்பெனிக்காரர் கேட்கும் முதல் கேள்வி

பிறந்தநாள் கேக்கை மட்டும் நம்பி கெடாவின் செமிலிங்கில் ஒரு பெண் குடும்பம் நடத்துவது கடினம். மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி என்று எங்கள் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்யும் பெண்கள் பெருகிவிட்டார்கள். எல்லாரும் அதே சொந்தக்காரர்களுக்கும் அதே தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கும்தான் விற்கிறோம். 60 வெள்ளிக் கேக்கை 45-க்குக் கேட்பார்கள். மறுத்தால் அடுத்த தெருவில் 40-க்குக் கிடைக்கும். இந்தப் போட்டியில் முட்டையும் வெண்ணெயும் வாங்கிய காசுகூடத் திரும்பாது. எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தவை நிறுவன ஆர்டர்கள்தான்.

எங்கள் ஊர் இதற்குத் தோதான இடம். 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம் செமிலிங்கிலேயே இருக்கிறது. சுங்கை பட்டாணிக்குப் போனால் பக்கார் ஆராங் தொழிற்பேட்டை, தனியார் மருத்துவமனைகள், வங்கிகள். இன்னும் தெற்கே 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா. இன்டெல் அங்கே உண்டு, இன்ஃபினியோன் 2024 ஆகஸ்டில் புதிய ஆலையே திறந்தது. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். குடும்ப தினம், ஆண்டு விருந்து, நீண்டகாலச் சேவைப் பாராட்டு, தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு என்று வருடம் முழுக்க அந்த நிறுவனங்களில் ஏதாவது ஒரு நிகழ்ச்சி இருக்கும்.

ஆர்டரை முடிவு செய்கிறவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மனிதவளப் பிரிவிலோ நிர்வாகப் பிரிவிலோ இருக்கும் ஓர் இளம் அதிகாரி. கேக் சுமாராக இருந்தால் அவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. மூன்று மணி நிகழ்ச்சிக்கு மூன்றரைக்கு வந்தால், மலாய் ஊழியர்கள் கைவைக்கத் தயங்கினால், கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பினால், எல்லாம் அவர் தலையில்தான் விடியும். அவருடைய இந்தப் பயங்களைப் போக்குகிற வியாபாரிக்குத்தான் ஆர்டர். முகநூலில் அழகான படம் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஹலால் சான்றிதழ் இருக்கா?"

இங்கேதான் நம் பெண்கள் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஹலால் என்றால் பன்றிக்கொழுப்பு சேர்க்காமல் இருப்பது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சாராயம் கலந்த வனிலா எசன்ஸ், ரம்மில் ஊறிய பழங்கள், ஜெலட்டின், எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத குழம்பாக்கிகள், பன்றிமுடியில் செய்த பிரஷ் வரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமும் மாநில இஸ்லாமிய சமய அமைப்புகளும் மட்டுமே சான்றிதழ் தர முடியும். 2011-இல் வந்த ஆணைப்படி, சான்றிதழ் இல்லாமல் நாமாக ஹலால் முத்திரை ஒட்டினால் குற்றம். இந்துப் பெண்ணும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் குடும்பச் சமையலோடு கலக்காத தனிச் சமையலறை வேண்டும். முஸ்லிம் ஊழியரை வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

சான்றிதழ் கையில் வந்த பிறகும் ஒன்றை மறக்கக்கூடாது. கடையில் கிடைக்கும் ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுத்தது. நம்மவர் நடத்தும் நிறுவனத்தின் தீபாவளி விருந்துக்கு அதைப் போட்டு மூஸ் கேக் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஜெல்லி தேவைப்படும் இடத்தில் நான் அகர் அகர்தான் பயன்படுத்துகிறேன். மலாய்க்காரரும் சாப்பிடலாம், சைவக்காரரும் சாப்பிடலாம். கூடவே முட்டையில்லாத கேக் ஒரு தட்டு தனியாக, பெயர் எழுதிய அட்டையுடன் வைப்பேன். விலைப்பட்டியலில் இந்த இரண்டையும் எழுதியதும் எனக்கு வந்த விசாரிப்புகளே மாறிவிட்டன.

சான்றிதழ் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கிளினிக், வழக்கறிஞர் அலுவலகம், டியூஷன் மையம், நம்மவர் நடத்தும் லோரி கம்பெனி ஆகியவற்றில் தொடங்கலாம். கேட்டால் "இன்னும் சான்றிதழ் எடுக்கவில்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். தொழிலைப் பதிவு செய்ய, நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்-இல் சொந்தப் பெயரென்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரென்றால் 60 வெள்ளி. உணவு கையாளும் பயிற்சியும், மூன்றாண்டுக்கு ஒருமுறை டைபாய்டு ஊசியும் கட்டாயம். இந்தத் தாள்களை ஒரே கோப்பில் வைத்து, அதிகாரி கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

கெடாவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே அரசாங்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு வேலை நாள். பினாங்கோடு சேர்ந்து இயங்கும் ஆலைகள் சில சனி, ஞாயிறு விடுமுறை விடுகின்றன. எந்தக் கம்பெனிக்கு எந்த நாட்கள் விடுமுறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டையும் விசாரியுங்கள். பகல் ஷிப்டுக்கு விழா எடுத்து, மிச்சக் கேக்கை இரவு ஷிப்டுக்கு வைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. "மாலை ஏழு மணிக்கு அவர்களுக்கும் புதிதாகக் கொண்டுவருகிறேன்" என்று நான் சொன்ன இடத்தில், அடுத்த வருடம் விலை கேட்காமலே அழைத்தார்கள். ஒவ்வொரு கப்கேக்கும் தனிப்பெட்டியில் இருந்தால் கேன்டீனில் பகிர்ந்து கொடுப்பது சுலபம்.

லோகோ வேலையில் கவனம் தேவை. நம் வெண்ணெய் மஞ்சள். அதில் நீலச் சாயம் கலந்தால் பச்சை தட்டும். கம்பெனியின் நீலம் பச்சையாக வந்தால் படம் பிடிக்க நிற்கும் மேலாளர் முகம் சுளிப்பார். வெண்ணெய்க் கிரீமை நன்றாக அடித்து வெளுக்கவிட்டு, ஊதாச் சாயம் ஒரு பொட்டு மட்டும் சேர்த்தால் மஞ்சள் அடங்கிவிடும், பிறகு நீலம் ஏற்றலாம். அச்சிட்ட சர்க்கரைத் தாளானால் வெள்ளைப் பரப்பின் மேல், கிளம்புவதற்குச் சற்று முன்புதான் ஒட்ட வேண்டும். முந்தைய இரவே ஒட்டினால் ஈரத்தில் மை கசியும். லோகோவைப் புலனத்தில் வந்த படத்திலிருந்து எடுக்காமல் மூலக் கோப்பாகவே கேளுங்கள்.

விலையைக் கிலோவில் சொல்வதைவிடத் தலைக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் கையில் இருப்பது ஆட்கணக்கு. நாலங்குல உயரமுள்ள பத்து அங்குல வட்டக் கேக்கில் விருந்து அளவுத் துண்டு ஏறக்குறைய 28 வரும். அதையே சிறிதாக வெட்டினால் 38. இதைத் தாளில் எழுதிக் காட்டினால் பேரம் பாதி குறையும்.

முதலுக்கு, இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடனும், இந்தியப் பெண்களுக்கென்று நுண்கடன் அமைப்பான அமானா இக்தியார் 2024-இல் தொடங்கிய பென் திட்டமும் உண்டு. முதலில் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி இரண்டையும் பாருங்கள். கடை அலங்காரம் காத்திருக்கட்டும்.

கடைசியாகப் பணம். நிறுவனம் கொள்முதல் ஆணை தரும், பணத்தை 30 நாளிலோ 60 நாளிலோ தரும். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், தீபாவளிக்கு வாங்கிய கேக்குக்குத் தைப்பூசம் கழிந்துதான் காசு கொடுத்தது. அதுவரை மாவுக்கடைக்கு நான்தான் பதில் சொன்னேன். அதிலிருந்து பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் மாவைத் தொடுவதில்லை. கேட்கக் கூச்சப்படும் தங்கைமார்களே, அதை விலைப்பட்டியலின் கடைசி வரியில் அச்சிட்டுவிடுங்கள். அச்சிட்டதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நிறுவனம் நடத்தும் நம் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்ணின் பில்லை அந்த வாரமே தீர்த்துவிடுங்கள்.