ஷைனரின் இரண்டு துளைகள்

கிறிஸ்டோப் ஷைனர் என்ற பெயர் எங்காவது அடிபட்டால், சூரியப் புள்ளிகளுக்காகக் கலிலியோவோடு மல்லுக்கு நின்ற ஜெர்மானிய ஏசு சபைப் பாதிரியார் என்ற அளவில்தான் இருக்கும். 1619இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் அவர் வெளியிட்ட 'ஓக்குலுஸ்' என்ற லத்தீன் நூலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கண் எப்படிப் பார்க்கிறது என்பதைக் கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டே சோதித்த நூல் அது.

அதிலுள்ள ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். கெட்டி அட்டையில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கம் பக்கமாக இரண்டு ஊசித் துளைகள் போடுங்கள். இரண்டும் கண்மணியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். அட்டையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மறு கண்ணை மூடி, ஒரு சாண் தள்ளி ஊசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பார்வையைத் தொலைவில் உள்ள சுவர்மீது வைத்தால் ஊசி இரண்டாகும். ஊசியையே உற்றுப் பாருங்கள், ஒன்றாகிவிடும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அவ்வளவு சுலபமாக ஒன்றாகாது. மீண்டும் தொலைவில் பார்த்தபடி வலத் துளையை மூடினால் இடப்பக்கத்து ஊசி மறையும்!

ஊசியிலிருந்து வரும் ஒளியைத் துளைகள் இரண்டு மெல்லிய கற்றைகளாகப் பிரிக்கின்றன. குவியம் சரியாக இருந்தால் இரண்டும் விழித்திரையில் ஒரே இடத்தில் சேரும். தவறினால் தனித்தனியே விழும். தூரத்துக்கும் பக்கத்துக்கும் ஏற்பக் கண் தன் குவியத்தை மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழும் என்று 1604இல் கெப்ளர் கணித்துச் சொல்லியிருந்தார். ஷைனர் மாட்டுக் கண்ணின் பின்புற உறைகளைச் சீவியெடுத்து, அந்தப் பிம்பத்தை நேரிலேயே பார்த்தார். பார்வை நரம்பு கண்ணின் நட்டநடுவிலிருந்து அல்ல, மூக்குப் பக்கமாக விலகித்தான் புறப்படுகிறது என்பதையும் சரியாக வரைந்து காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய கண்ணாடிக் குண்டுகள். ஒருவரை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்தால் அவருடைய கருவிழியில் ஜன்னல் சின்னதாகத் தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில் வெவ்வேறு அளவுக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, எந்தக் குண்டில் ஜன்னல் அதே அளவில் தெரிகிறதோ அதன் வளைவே கருவிழியின் வளைவு என்று கொண்டார். இன்று கண்புரை அறுவைக்கு முன், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கருவிழி வளைவை அளக்கிறார்கள். அந்தக் கருவிகள் பலவும் கருவிழியில் பிரதிபலிக்கும் உருவத்தின் அளவைத்தான் பார்க்கின்றன. கண்ணாடிக் கடைகளில் 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' செய்யும் இயந்திரங்களில் சில, அட்டைத் துளைகளுக்குப் பதிலாக இரண்டு அகச்சிவப்புக் கற்றைகளைக் கண்ணுக்குள் அனுப்பி, அவை ஒன்று சேர்கின்றனவா என்று பார்க்கின்றன. கண் மருத்துவப் பாடநூல்களில் அதற்கு ஷைனர் தத்துவம் என்றே பெயர்.