கையை விட்டுப் போன பாட்டுகள்

எச்.எம்.வி.யின் சின்ன இசைத்தட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏழு அங்குலம், 45 சுழற்சி, பக்கத்துக்கு இரண்டாகப் படத்தின் நான்கு பாட்டு. 1981 ஜூனில் வாஷிங்டன் நகரத்துப் பையன்கள் நால்வர் அதே அளவுத் தட்டில் எட்டுப் பாட்டை ஏற்றினார்கள். எட்டும் சேர்ந்து பத்து நிமிடம்கூட வராது. குழுவின் பெயர் மைனர் த்ரெட். அந்த டிசம்பரில் இன்னொரு தட்டு, நான்கு பாட்டு. 1983இல் குழு கலைந்தது. இரண்டு தட்டையும் ஒரே பெரிய தட்டாகச் சேர்த்து வெளியிட்டது 1984இல்.  இங்கே பாட்டுப் பட்டியலைக் கொடுத்து இளையராஜாவைக் கேசட்டில் பதிந்து வாங்கிய காலம் அது.

இவர்கள் வாசித்த ஹார்ட்கோர் பங்க் என்பது பங்க் இசையை இன்னும் வேகமாக்கி, இன்னும் சுருக்கியது. முதலில் கேட்கும்போது வெறும் கத்தல்தான். இரண்டாம் முறை ஜெஃப் நெல்சனின் டிரம்ஸ் எவ்வளவு கச்சிதம் என்று தெரியும். அதே வாஷிங்டனின் கறுப்பினக் குழுவான பேட் பிரெய்ன்ஸ்தான் இந்த வேகத்தில் இவர்களுக்கு முன்னோடி.

தட்டு போட எந்தக் கம்பெனியையும் மைனர் த்ரெட் பையன்கள் தேடிப் போகவில்லை. பாடகர் இயன் மெக்கேயும் நெல்சனும் முன்பு டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். கச்சேரிக் காசைப் பங்கு போடாமல் சேர்த்துவைத்து, அந்தக் குழு கலைந்ததும் அதன் பாட்டுகளைத் தட்டாகப் போட்டார்கள். டிஸ்கார்ட் என்ற நிறுவனம் பிறந்தது அப்படி. உறைக்கு? இங்கிலாந்துத் தட்டு ஒன்றின் அட்டையைப் பிரித்து, அளவெடுத்து அச்சடித்து, நண்பர்கள் கூடி வெட்டி மடித்து ஒட்டினார்கள். ஒலிப்பதிவு டான் ஸியன்டாராவின் வீட்டு நிலவறையில். எனக்கு இந்தத் தொகுப்பில் பாட்டைவிட இந்தக் கதை ஒரு படி மேல்.

பாட்டுகள் வெளியே போனதும் வேறு ஆட்களின் சொத்தாகிவிட்டன. ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ 46 விநாடிப் பாட்டு: குடி, போதை எனக்கு வேண்டாம், எனக்கு வேறு வேலை இருக்கிறது என்கிறது. மதுவிலக்கு என்றால் நமக்கு 1937இல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்த சட்டம் நினைவுக்கு வரும்; இது பத்தொன்பது வயதுப் பையன் தனக்குத்தானே போட்டுக்கொண்டது. அதுவே ஓர் உலக இயக்கமானது. அதன் பெயரால் குடிப்பவர்களை அடித்தவர்களும் உண்டு. இயக்கம் தொடங்க எழுதவில்லை என்று மெக்கே பலமுறை சொல்லிவிட்டார்.

இரண்டாம் தட்டின் ‘கில்ட்டி ஆஃப் பீயிங் வைட்’ என்னால் ரசிக்க முடியாத பாட்டு. கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில் படித்தவர் மெக்கே. நிறத்தை வைத்து யாரையும் எடைபோடாதே என்பதுதான் தன் கருத்து என்கிறார். நம்புகிறேன். ஆனால் தாத்தா செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்ற அந்தக் குரலை இடஒதுக்கீட்டுச் சண்டைகளில் நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! 2018இல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவும் ராக்கும் கலந்து பாடிய கோட்டா பாட்டை இதன் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். யாருடைய கோபத்துக்கு வரலாறு துணை நிற்கிறது என்று விளங்கும். 1996இல் ஸ்லேயர் குழு மெக்கேயின் பாட்டைப் பாடியபோது, கடைசியில் ‘வெள்ளை’ என்ற இடத்தில் ‘சரி’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டுத் திருப்பியது. கதவு திறந்திருந்தது, நுழைந்தார்கள்.

உறைப் படமும் தப்பவில்லை. மொட்டைத் தலையைக் கைகளில் புதைத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் மெக்கேயின் தம்பி அலெக். 2005இல் நைக்கி நிறுவனம் ஸ்கேட்போர்டு சுற்றுப்பயணம் ஒன்றுக்கு அதே காட்சியைக் காலணி மாற்றி, ‘மேஜர் த்ரெட்’ என்று பெயரிட்டுச் சுவரொட்டியாக்கியது. அனுமதி கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுச் சுவரொட்டிகளை விலக்கிக்கொண்டது. பன்னிரண்டு பாட்டையும் விற்பது இன்றும் டிஸ்கார்ட்தான்.