விட்ட வகுப்புக்கு மீளுதல்

மைதானமும் வித்தியாசாலையும் – 7

சாகாமக் குளத்து நீர் பாயும் வட்டைகளில் சூடடிப்பு முடிந்து வைக்கோலும் அகற்றப்பட்டபின், திருக்கோவிலிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களின் பிள்ளைகள் மட்டையும் மென்பந்துமாக அவற்றில் இறங்கிவிடுவதையும், அவர்களுள் விசேஷத் திறமை வாய்ந்த சிலரை உயர்தர வகுப்புக்கு வந்ததும் பெற்றோர் தனியார் வகுப்புகளுக்கு இட்டுச் செல்வதையும் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம். "பந்தடிச்சுச் சோறு தின்னலாமா மகன்?" என்று ஒரு வாப்பா கேட்டால், அக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட எவருக்கும் உரிமை இல்லை, ஏனெனில் விளையாட்டு வீரனின் உத்தியோக ஆயுள் மிகக் குறுகியது என்பதையும், முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே தேகம் அவனைக் கைவிட்டுவிடும் என்பதையும், அதன் பின்னர் நாற்பது ஆண்டு வாழ்வு அவனுக்கு மிச்சமிருக்கும் என்பதையும் அந்த வாப்பா எவரும் சொல்லாமலே அறிந்திருக்கிறார்.

ஆனால் அக்கேள்விக்குள் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. படிப்பை ஒருமுறை விட்டவன் விட்டவனே, அவன் மீண்டும் அதனிடம் போக மாட்டான், போனாலும் அது அவனை ஏற்காது என்பதே அந்த அனுமானம். அது எல்லா இடத்துக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மையா, அல்லது நாம் நமது கல்விக்கு அமைத்துக்கொண்ட விதிகளால் இங்கே உண்மையாகிவிட்ட ஒன்றா என்பதே இவ்வாரத்து விசாரணை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சர்வகலாசாலைகளே தொழில்முறை விளையாட்டுக்கு நாற்றங்கால். அங்கே உபகாரச் சம்பளத்துடன் கூடைப்பந்தாடும் இருபது வயது இளைஞனை, பட்டப்படிப்பின் நான்கு ஆண்டுகளும் நிறைவுறுமுன்னரே தொழில்முறை அணி ஒன்று பெருந்தொகை காட்டி அழைக்குமானால், அவன் புத்தகத்தை மூடிவிட்டுப் போவதில் வியப்பில்லை. மைக்கேல் ஜோர்டன் 1984இல் அவ்வாறே வட கரோலினாப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். போனவர் உலகப் பிரசித்தி அடைந்துகொண்டிருந்த காலத்திலேயே திரும்பி வந்து, 1986இல் புவியியலிற் பட்டம் பெற்றார். இந்தியானாப் பல்கலைக்கழகத்தை இரண்டு ஆண்டுகளில் விட்டுச் சென்ற ஐசேயா தோமஸ், பட்டத்தை எப்படியும் முடிப்பேன் என்று தம் தாய்க்கு வாக்களித்துவிட்டே சென்றார். 1987இல் அவ்வாக்கு நிறைவேறியபோது அவருடைய அணி முக்கியமான ஆட்டங்களில் ஈடுபட்டிருந்தமையால், பட்டமளிப்பு மேடைக்கு மகனுக்குப் பதிலாகத் தாயே சென்றார். ஏழடி உயரமும் அதற்கேற்ற ஆகிருதியும் கொண்ட ஷக்கீல் ஓ'நீல் என்பார் 1992இல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை விட்டவர். அவரும் தாய்க்குப் பிரதிக்ஞை செய்திருந்தார். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், தமது அணியின் ஆட்டம் ஒன்றைத் தவிர்த்துவிட்டுப் பட்டமளிப்பு விழாவுக்குச் சென்ற அவர் அத்துடன் நில்லாமல், 2012இல் கல்வித்துறையிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். கோடிக்கணக்கில் ஈட்டிய பின்னும் தாயிடம் சொன்ன சொல் தம்மைத் துரத்துவதாக உணர்ந்த இம்மனிதரின் மனம், பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைக்கும் நம் தாய்மார்க்கு எளிதில் விளங்கும்.

இவ்வரிசையில் சற்று நின்று நோக்கத்தக்கது வின்ஸ் கார்ட்டர் என்பவரின் சரித்திரம். அவரும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தை மூன்று ஆண்டுகளில் விட்டவர். டொரன்டோ அணியின் பிரதான வீரராக விளங்கிக்கொண்டே மிச்சப் பாடங்களைப் படித்து முடித்தார். பட்டமளிப்பு 2001ஆம் ஆண்டு மே 20ஆந் திகதி காலையில். அதே நாள் பிற்பகல் பிலடெல்பியா நகரில் அவரது அணிக்கு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். காலையில் மேலங்கி அணிந்து விழாவிற் கலந்துகொண்டு, விமானமேறி வந்து ஆடிய கார்ட்டரின் கையிலேயே, விதியின் விளையாட்டுப்போல, ஆட்டத்தின் கடைசிப் பந்து வந்து சேர்ந்தது. அவர் எறிந்தார்; பந்து வளையத்தில் விழவில்லை; 88க்கு 87 என்ற ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில் அவரது அணி தோற்றது. அத்தனை பெரிய ஆட்டத்தின் காலையில் மேலங்கிக்கும் தொப்பிக்கும் ஏன் அலைந்தார் என்று அபிமானிகள் அவரைக் கடிந்துகொண்டது பல ஆண்டுகள் நீடித்தது. பந்து விழுந்திருந்தால் அதே காலைப் பிரயாணத்தைக் குணத்தின் அடையாளம் என்று அதே நாவுகள் போற்றியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. படிப்பு ஆட்டத்தைக் கெடுக்கும் என்று அவர்கள் அங்கே சொன்னார்கள். ஆட்டம் படிப்பைக் கெடுக்கும் என்று நாம் இங்கே சொல்கிறோம். ஒரு மனிதனுக்குள் இரண்டுக்கும் இடமில்லை என்னும் அவநம்பிக்கை இரண்டு கூற்றுக்கும் பொது.

இவர்கள் திரும்பி வந்தமைக்கு மன உறுதி ஒன்றையே காரணமாகக் கூறிவிட்டால் பாதி உண்மையையே கூறியவராவோம். அந்நாட்டுச் சர்வகலாசாலைகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' என்னும் அலகு உண்டு. சித்தியடைந்த பாடத்தின் அலகுகள் மாணவனின் பெயரிற் பதிவாகிக் கிடக்கும். பெரும்போகத்தில் மிஞ்சிய நீர் குளத்திலே தங்கிச் சிறுபோகத்துக்குப் பயன்படுவதைப் போல, முதற் பருவத்திற் கற்றது வீணாகாமல் இரண்டாவது வருகைக்கு முதலாகிறது. ஸ்டீபன் கரி 2009இல் டேவிட்சன் கல்லூரியை விட்டார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2022இல், சமூகவியலிற் பட்டம் பெற்றார். பட்டம் பெறாத எவருடைய ஆட்ட எண்ணையும் கௌரவித்து ஒதுக்குவதில்லை என்னும் நியமத்தை அச்சிறு கல்லூரி உலகப் புகழ் பெற்ற அவருக்காகவும் தளர்த்தவில்லை. அவர் பட்டம் பெற்ற பின்னரே அவருடைய 30ஆம் எண் அங்கு கௌரவிக்கப்பட்டது. வாயிலைத் திறந்து வைத்திருந்த கல்லூரி, படியின் உயரத்தைக் குறைக்கவில்லை என்பதே இதில் நாம் கவனிக்கவேண்டியது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும், படிப்பை இடையில் விட்ட முன்னாள் வீரர்கள் பட்டத்தை நிறைவு செய்வதற்கென 1988 முதல் தனியாக நிதியுதவி வழங்கி வருகிறது.

மீண்டவர் யாவரும் வென்றவரல்லர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ், பிழைப்புக்காகக் குதிரைகளோடும் ஓடிக் காட்டியவர். 1940இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். குடும்ப பாரமும், பல ஆண்டு விட்டுப்போன பாடங்களும் சேர்ந்து நெருக்க, போதிய புள்ளிகள் பெற இயலாமற் பட்டமின்றியே வெளியேறினார். அதே பல்கலைக்கழகம் 1972இல் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது. கௌரவம் வந்துசேர்ந்தது மெய். ஆனால் இருபத்தேழு வயதில் அவருக்கு வேண்டியிருந்தது, பாடத்தில் உதவ ஓர் ஆசிரியரும் வீட்டு அடுப்பெரிய ஒரு வருமானமும் அல்லவா?

நம் தீவுக்கு வருவோம். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 விநாடிகளில் ஓடி இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டித் தந்தவர் டங்கன் வைட். முப்பது வயதில், நாடே கொண்டாடிய கீர்த்தியின் உச்சியில் இருந்த அவர், புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் லௌபரோவில் உடற்கல்வி பயிலும் மாணவரானார். பிற்காலத்தில் நைஜீரியாவில் பல்கலைக்கழக விரிவுரையாளராகப் பணிபுரிந்தார். பதக்கத்துக்குப் பின் மாணவராவது இழிவு என்று அவர் எண்ணியிருந்தால், அந்த இரண்டாவது வாழ்வு அவருக்கு வாய்த்திராது.

நம் மொழி பேசிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வாழ்வு இன்னும் நெருக்கமான உதாரணம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உருவாகி, பாடசாலைப் பருவத்து இளைஞராகவே 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர் அவர். 1956இல் மெல்போர்னிலும் பாய்ந்தார். 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டி, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. இவற்றோடு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திற் பட்டமும், கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றுக் கல்விப் பணியிலே வாழ்நாளைச் செலவிட்டு, 2024இல் மறைந்தார். அவருக்கு விளையாட்டும் படிப்பும் ஒன்றையொன்று துரத்தும் பகைகளாக இருக்கவில்லை. பரீட்சையில் தவறி வகுப்பை விட்டவர்க்கும் வழி உண்டு என்பதற்கு அயல்நாட்டு மேரி கோம் சாட்சி. மணிப்பூரில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தவறிப் பாடசாலையை நீங்கிய அவர், குத்துச்சண்டை பயின்றுகொண்டே தேசிய திறந்தநிலைப் பள்ளியின் வழியாக அப்பரீட்சையை எழுதி, பின்னர் சுராசந்த்பூர் கல்லூரியிற் பட்டமும் பெற்றார்.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு நமது கரையை நோக்கினால், இங்கே குறைவது பிள்ளைகளின் உறுதியன்று என்பது தெளிவாகும். உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைக்குள் எழுதிப் பெற்ற பெறுபேற்றைக் கொண்டே அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியும். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது ஒரு வீரனின் தேகம் பூரண வலிமை எய்தும் அதே பருவத்தில், அந்த வாயில் ஏறக்குறைய மூடிவிடுகிறது. விளையாட்டில் தேசிய மட்டத்திற் சாதித்தவர்க்கு விசேட அனுமதி உண்டெனினும், அதற்கும் உயர்தரத்திற் குறைந்தபட்சத் தகுதி வேண்டும். ஓட்டத்தில் வல்லவர்கள் இராணுவத்திலோ கடற்படையிலோ பொலிஸிலோ சேர்ந்து சம்பளத்தோடு ஓடுகிறார்கள். ஓட்டம் நின்றபின் படிக்க விரும்பும் முப்பது வயதினனுக்கு யார் வழி காட்டுவது?

வழி அறவே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. 1980இல் தொடங்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம், உயர்தரச் சித்தி இல்லாதவரையும் அடிப்படைக் கற்கைநெறி வழியே படிப்படியாக ஏற்றுக்கொள்கிறது. அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பிலேயே உள்ளது. எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் பெருமுயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், சாகாமத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், நிற்கிறது; அங்கே வெளிவாரிப் பட்டங்களும் உண்டு. கல்முனை முதல் திருக்கோவில் வரையுள்ள விளையாட்டுக் கழகங்கள், கிண்ணமும் சீருடையும் வாங்கச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆட்டத்தை நிறுத்திய தம் அங்கத்தவர் ஒருவருக்கேனும் ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் செலுத்துமாயின், விண்ணப்பப் படிவத்தை நிரப்ப ஓர் ஆசிரியரைத் துணைக்கு அனுப்புமாயின், அதற்காகக் கொழும்பின் அனுமதியை எவரும் வேண்டி நிற்கவேண்டியதில்லை. "பந்தடிச்சுச் சோறு தின்னலாமா?" என்று கேட்கும் வாப்பாவுக்கு, "பந்தடிக்கட்டும் காக்கா, பிறகு படிக்கிறதுக்குக் கழகம் பொறுப்பு" என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கழகத் தலைவர் இக்கரையில் தோன்றுவாராயின், ஒரு பிள்ளையின் பதினெட்டு வயதுத் தீர்மானம் அவனுடைய ஆயுட்காலத் தீர்ப்பாகும் நிலை அன்றே மாறத் தொடங்கும்.

பட்டம் பெற்ற வீரனுக்குப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியப் பதவி கிடைப்பதற்குள்ள படிகளையும் தடைகளையும் அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)