தசை தளர்ந்தது, தன்மானம் தளரவில்லை!

“போன பிறவியிலே பண்ணின பாவம், பிள்ளை காலிலே வந்து விடிஞ்சிருக்கு!”

நெல்லைச் சீமையிலே, நடக்க முடியாத பிள்ளையை இடுப்பிலே சுமந்துவரும் தாயைப் பார்த்து இப்படிச் சொல்லும் வாய்கள் இன்றும் உண்டு. சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. அத்தோடு கடமை முடிந்தது!

பாவமாம்! யார் செய்த பாவம்? நான்கு வயதுப் பாலகன் ஓடும்போது அடிக்கடி விழுகிறான். தரையிலே உட்கார்ந்தவன் எழுவதற்குத் தன் தொடையையே கையால் பற்றிப் பற்றி எழுகிறான். கெண்டைக்கால் பருத்திருப்பதைக் கண்டு, “பேரன் பலசாலி” என்று தாத்தா பூரிக்கிறார். அது பலமல்ல, நோய்! தசைச்சிதைவு நோய். அதிலே கொடிய வகையானால், பன்னிரண்டு வயதையொட்டி நடை நின்றுவிடுகிறது. பிறகு மூச்சும் இதயமும் தளர்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதனை விரிவாக எழுதிவைத்தார். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உடலிலே உண்டாகாததே காரணம் என்பதை 1987-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். மரபணுவிலே ஒரு பிழை, அவ்வளவுதான். தாய்வழி வருவதுண்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு யார் வழியும் இல்லாமல் புதிதாகவே தோன்றுவதும் உண்டு. அப்படியிருக்க, “உன் வயிற்றிலே பிறந்ததால்தானே” என்று மருமகளை ஏசுவது அறியாமையன்றி வேறென்ன?

நோய் தசையைத் தின்னும். மனிதனைத் தின்ன முடியுமா? விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தாமிரபரணியிலே கலக்கும் சிற்றாற்றின் படுகையிலே, தென்காசிக்குப் பக்கத்திலே இருக்கிறது ஆய்க்குடி. 2019 வரை நெல்லை மாவட்டத்து ஊர். இன்று தென்காசி மாவட்டத்து ஊர்.

அந்த ஊர்ப் பிள்ளை ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவர். 1975 ஜனவரியிலே, கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலில்லை. கனவு கண்ட கடற்படை போயிற்று, கைகால் போயிற்று. ஆனால் கருத்து போகவில்லை! உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல், சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை தந்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1992-ல் அங்கே வந்து சேர்ந்தார் இன்னோர் இளைஞர், சங்கர ராமன். அவரைப் பிடித்திருந்தது தசைச்சிதைவு நோய். ஆனாலும் படித்தார், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆனார். அந்தத் தொழிலை வைத்துக்கொண்டு தாமுண்டு தம் வருவாயுண்டு என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஆய்க்குடிக்கு வந்து செயலாளர் பொறுப்பை ஏற்றார். தலைவரும் சக்கர நாற்காலியிலே. செயலாளரும் சக்கர நாற்காலியிலே! இருவரும் சேர்ந்து பள்ளி, இயன்முறைச் சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று வளர்த்தார்கள். நடக்க முடியாத குழந்தைகளைத் தேடிச் சிற்றூர்களுக்கே பயிற்சியாளர்களை அனுப்பினார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் அவ்விருவரும் நமக்குச் சொல்லும் பாடம் பட்டத்தைவிடப் பெரிது.

தோழர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். “என்ன மன உறுதி!” என்று மெச்சிவிட்டு எழுந்து போய்விடுவது எளிது. வைரம் பாய்ந்த நெஞ்சமேயானாலும், மூன்று படிக்கட்டுக்கு முன்னே சக்கர நாற்காலி நின்றுதானே தீரும்? அந்தப் படிகளைக் கட்டியது நோயா? நாமல்லவா!

முக்கூடல் பக்கத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தை கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும். தாயின் மடியிலே பீடித்தட்டு. பன்னிரண்டு வயதுப் பையனைக் கழிப்பறைக்குத் தூக்கவேண்டும், பள்ளிக்கும் தூக்கவேண்டும். யார் தூக்குவது? எத்தனை நாள் தூக்குவது? முதலிலே நிற்பது பையனின் படிப்பு. பிறகு நிற்பது தாயின் கூலி. 2023-ல் அமெரிக்காவிலே ஒரு மரபணு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. விலை 32 இலட்சம் டாலர்! அதுவும் நோயை வேரோடு களைவதில்லை. அந்த மருந்து நம் தெருவுக்கு வரும்வரை பையன் திண்ணையிலேயே கிடக்கவேண்டுமா?

வேண்டியதில்லை. சட்டம் இருக்கிறது. 1995-ன் சட்டத்திலே தனிப் பெயர்கூடப் பெறாத தசைச்சிதைவு, 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலே 21 வகைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அரசுப் பணியிலே 4 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் அவர்களுக்குப் பங்குண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்க்குத் தமிழக அரசு தரும் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் ஏட்டிலே இருக்கும் உரிமை தானாக நடந்து வீடு வந்து சேராது. அதைக் கொண்டுசேர்க்கக் கால்கள் வேண்டும். அந்தக் கால்கள் நம்முடையவையாகட்டும்!

உங்கள் வார்டிலே இப்படி ஒரு பிள்ளை உண்டா? அடையாள அட்டை கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போங்கள். பள்ளி வாசலிலே, வாக்குச் சாவடியிலே, நூலகத்திலே சாய்தளம் கேளுங்கள். அதற்கு முன்னே, நம் மன்றத்தின் வாசலைப் பாருங்கள். அங்கே எத்தனை படி?

அந்தப் பிள்ளை பெருமூச்சைக் கேட்கவில்லை, வழியைக் கேட்கிறான். சிமெண்டும் மணலும் ஒரு நாள் உழைப்பும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்!