பல்லின் கதை – 9: கரண்ட் இல்லாத ஊரில் பல் அடைத்தவர்கள்

இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் வாய்க் கிருமிகள் அதை அமிலமாக்குவதையும், அந்த அமிலம் எனாமலைக் கரைப்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். கரைந்ததில் ஒரு பகுதியை எச்சில் மீண்டும் படிய வைக்கிறது. கரைவது முந்திக்கொண்டால் குழி விழும். விழுந்த குழியை அடைக்குமுன் எவ்வளவு தோண்டுவது?

சிகாகோவின் ஜி.வி. பிளாக் 1908இல் வெளியிட்ட நூல் பல தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடப்புத்தகம். சொத்தையோடு நிறுத்தாமல், நாளை சொத்தை விழக்கூடிய பக்கத்துப் பள்ளங்களையும் சேர்த்து வெட்டச் சொன்னார் அவர். வெள்ளியும் தகரமும் பாதரசமும் கலந்த அமால்கம் பல்லில் ஒட்டாது என்பதால், அது பிடித்து நிற்கவும் நல்ல பல் வெட்டுப்பட்டது. ஃப்ளோரைடு பற்பசை வராத காலம். பிளாக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அந்த வழக்கம் தேவைக்கு மேல் நீடித்துவிட்டது.

அதை அசைத்த இடங்களில் ஒன்று தான்சானியா. 1980களின் நடுவில் யோ ஃப்ரெங்கன் என்ற நெதர்லாந்துப் பல் மருத்துவர் அங்கே பணியாற்றினார். டிரில் ஓட்ட நம்பகமான மின்சாரம் கிடையாது. பழுதானால் பார்க்க ஆளும் கிடையாது. பல் வலி என்று வந்தவருக்குப் பல்லைப் பிடுங்குவதே வைத்தியமாக இருந்தது. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல் பால்பல் அல்ல. அதைப் பிடுங்கினால் அந்தக் குழந்தைக்கு அந்த இடம் ஆயுளுக்கும் காலிதான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

அவரும் உடனிருந்தவர்களும் டிரில்லையே விட்டுவிட்டார்கள். மேசையில் படுக்கவைத்து, சின்ன உளி போன்ற கருவியால் குழியின் வாயைத் திறந்து, நுனியில் குட்டிக் கரண்டி உள்ள கருவியால் சொத்தையைச் சுரண்டினார்கள். மேலே குழைந்து கிடக்கும் பகுதிக்கு உணர்ச்சி இல்லை. பெரும்பாலும் ஊசியே வேண்டியதில்லை. ஆழத்தில், நிறம் மாறியிருந்தாலும் உறுதி குலையாத பகுதியை அப்படியே விட்டார்கள்.

சொத்தையை உள்ளே வைத்து மூடுவதா என்று பதறியவர்கள் உண்டு. அந்த அடிப்பகுதி சுண்ணாம்புச் சத்தை இழந்திருக்கும், ஆனால் அதன் நார்க்கட்டு சிதைந்திருக்காது. மேலே இறுக மூடிவிட்டால் மிஞ்சிய கிருமிகளுக்குச் சர்க்கரை போய்ச் சேராது. அவை பட்டினியில் ஒடுங்கும். உள்ளிருக்கும் பல்கூழ் தன் பக்கத்திலிருந்து சுவரைக் கெட்டிப்படுத்தும். ஆழமாகத் தோண்டியிருந்தால் அந்தக் கூழே வெளிப்பட்டிருக்கும்.

இந்த முறைக்குக் கைகொடுத்த சிமெண்ட், கிளாஸ் அயனோமர். லண்டன் அரசு ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கியது. கண்ணாடித் தூளை அமிலத்தில் குழைத்தால், அது பல்லோடு தானே பிணைந்து இறுகும். ஃப்ளோரைடையும் சிறுகச் சிறுகக் கசியவிடும். குழியில் வைத்து, வாசலின் தடவிய கையுறை விரலால் அழுத்தினால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 1994இல் இம்முறையை முன்னிறுத்தியது. 2021இல் கிளாஸ் அயனோமரை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. மெல்லும் பரப்பில் உள்ள ஒற்றைக் குழிக்கு இந்த அடைப்பு பல ஆண்டு தாங்கும். இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்த சொத்தையில் சீக்கிரம் உடைகிறது. அங்கே வேறு பொருள்தான் நல்லது. ராத்தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்துவிட்டால் எந்த அடைப்பும் உதவாது. கூழ் வீங்கிவிட்டது என்று அர்த்தம். ரூட் கேனல் தேவைப்படலாம். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)