கடிதத்தினுள் ஒரு கணக்கன்

அமெரிக்காவிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பத்திரிகை விளம்பரங்களின் ஓரத்தில் சிறு கூப்பன் ஒன்று அச்சிடப்படுவதுண்டு. வாசகர் அதனைக் கத்தரித்து, தம் பெயரும் விலாசமும் எழுதித் தபாலில் அனுப்பினால், மாதிரிப் பண்டமோ விலைப்பட்டியலோ அவர் வீடு தேடி வரும். கூப்பனின் மூலையில் ஒரு குறியீடும் இருக்கும். பத்திரிகைக்கு ஒரு குறியீடு. ஆகவே, எந்தப் பத்திரிகையில் இட்ட விளம்பரம் பலன் தந்தது என்பதை, வந்த கூப்பன்களை எண்ணியே அறிந்துகொண்டனர். கிளாட் ஹொப்கின்ஸ் என்னும் விளம்பர நிபுணர், 1923ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், இத்தகைய கணக்கையே விளம்பரத்தின் உரைகல்லாகக் கொண்டார்.

அக்கூப்பனின் பேரப்பிள்ளை எனத்தக்கது, இன்று மின்னஞ்சலில் வரும் செய்திமடலிலுள்ள இணைப்பு. புத்தகக் கடையொன்று ஆயிரம் பேருக்கு மடல் அனுப்புகிறது என்று கொள்க. அதிலுள்ள நீல எழுத்தை அழுத்துபவர், தாம் நேரே கடையின் தளத்துக்குச் செல்வதாகவே எண்ணுவார். பெரும்பாலும் உண்மை அதுவன்று. எழுத்தின் அடியில் மறைந்திருப்பது, கடைக்காக மடல்களை அனுப்பும் நிறுவனத்தின் கணினி முகவரி. அதன் வாலிலே எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட தொடரொன்று, ஆளுக்கு ஒன்றாக. அழுத்தியவுடன் கோரிக்கை முதலில் அக்கணினியை அடைகிறது. யாருக்கு அனுப்பிய மடல், எந்த இணைப்பு, எத்தனை மணி, கைத்தொலைபேசியா மேசைக் கணினியா என்பவை பதிவாகின்றன. பின்னர், ‘அங்கே செல்க’ எனப் பொருள்படும் 302 என்ற மறுமொழியோடு வாசகர் கடைக்கு அனுப்பப்படுகிறார். எல்லாம் கண்ணிமைப் பொழுதில் முடிந்துவிடும்.

இனி, கணக்கு. நாற்பது பேர் எழுபது தடவை அழுத்தினால், வாசகர் விகிதம் நூற்றுக்கு நான்கே. எழுபதைக் காட்டி மகிழ்வோரும் உளர். ‘இனி மடல் வேண்டாம்’ என்னும் இணைப்பை அழுத்தியவரையும் ஆர்வலராகச் சேர்த்துவிடும் கணக்குகள் அதனினும் வேடிக்கையானவை.

மடல் திறக்கப்பட்டதா என்பதை அறிய, கண்ணுக்குப் புலனாகாத சிறு படமொன்றை அதில் வைப்பதும் வழக்கம். 2021ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம், வாசகர் திறந்தாலும் திறவாவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதனாற் படத்தின் சாட்சி செல்லாக்காசாயிற்று. இணைப்பின் மதிப்பு உயர்ந்தது. ஆயினும் இதிலும் பொய்ச்சாட்சி உண்டு. காரியாலயங்களின் பாதுகாப்புக் கணினிகள், வஞ்சக இணைப்பு உளதோ என்று சோதிக்க, மடலிலுள்ள எல்லா இணைப்புகளையும் சில விநாடிகளில் தாமே தொட்டுப் பார்க்கின்றன. மனிதர் காண இயலாத இணைப்பொன்றை மறைத்து வைத்து, அதனைத் தொடுவது இயந்திரமே எனக் கண்டு கழித்துவிடுவது அனுப்புவோரின் ஓர் உபாயம்.

கூப்பனில் வாசகர் தம் பெயரைத் தாமே எழுதினார். எதைக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்தார். இணைப்போ அவர் அறியாமலே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. புத்தகக் கடையென்றால் தீங்கு சிறிது. மருத்துவ மடலொன்றில் நீரிழிவு பற்றிய இணைப்பை அழுத்தினால், இன்னார் இன்ன நோயை விசாரித்தார் என்பதும் ஏட்டில் ஏறிவிடும். அவர் தம் தாயாருக்காக வாசித்திருக்கலாம். ஏடு அதனை அறியாது. மடலை நண்பருக்கு அனுப்பினால், நண்பர் அழுத்துவதும் இவர் பெயரிலேயே விழும். ஆளைக் குறியாது இணைப்பை மட்டும் எண்ணவும் இயலும். எது விரும்பப்பட்டது என்பதை அறிய அதுவே போதும்.

மடலை வாசித்துவிட்டு, எதையும் அழுத்தாது, கடையின் பெயரைத் தாமே தட்டெழுதிச் சென்று இரண்டு நூல்கள் வாங்குவோரும் உண்டு. இணைப்புக் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே நிற்பது பூச்சியம்.